மண்டபத்துக்கு அடித்த சாவுப் போஸ்டர்

இருபத்திரண்டு வருடமாக எங்கள் ஊர் ப்ரெமாங்க்ரோமில் செத்தவர்களுக்குப் போஸ்டர் அடிக்கிறேன். என் பெயர் அஜெனிம். போஸ்டர் அஜெனிம் கடை எங்கே என்று கேட்டால் ஊரில் எல்லோரும் கைகாட்டுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தப்புதான் செய்தேன். செத்துப்போன புருஷனின் படம் வரவேண்டிய இடத்தில் அவர் மனைவியின் படத்தைப் போட்டு முந்நூறு அடித்துவிட்டேன். அந்த அம்மாள் இன்றைக்கும் என் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறாள். உயிரோடு இருப்பதைச் சாகடித்தது அது முதல் தடவை. இரண்டாவது தடவை நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

என் கடைக்கு நேர் எதிரே சுதந்திர மண்டபம். அறுபத்து மூன்றில் கட்டி முடித்தது. என் மனைவி ஃப்ரேமா பாலிடெக்னிக்கில் கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கிறவள். அவளுக்கு என்னைவிட அந்த மண்டபத்தின் மேல்தான் ஆசை என்று அவளுடைய அண்ணன்மாரைக் கூட்டிவைத்தே புகார் செய்திருக்கிறேன். அவள் மறுத்துக்கூடப் பேசவில்லை. ஆறு வருடமாக அதை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்துகொண்டிருக்கிறாள். சுவர் முழுக்கத் துளைபோட்ட சிமென்ட் கற்கள், மொத்தம் இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பதினாறு. எண்ணியது அவள், ஏணி பிடித்தது நான். லண்டனிலிருந்து வந்த வரைபடத்தில் துளைகள் வெறும் வட்டமாகத்தான் இருந்தனவாம். இங்கே வேலை பார்த்தவர்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு, நம் ஊர்ப் பெரியவர்கள் உட்காரும் மர ஆசனத்தின் வளைவை ஒவ்வொரு கல்லிலும் கொண்டுவந்துவிட்டார்கள். கூரைக்கு மேலே இன்னொரு கூரை. வெயில் மேல்கூரையோடு நின்றுவிடும், இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும். வரைந்தது யாராக இருந்தாலும் கட்டியவன் நம் ஊர் வெயிலில் வெந்தவன் என்று ஃப்ரேமா அடிக்கடி சொல்வாள்.

அவள் சொன்னதெல்லாம் காகிதத்தில்தான் இருந்தது. உள்ளே போனால் அவிந்துவிடுவோம். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு புத்திசாலி மண்டபத்துக்கு ஏசி போட்டான். குளிர் வெளியே போகக்கூடாது என்று எல்லாத் துளையையும் உள்பக்கமாக மூடி ஒட்டுப்பலகை அடித்தான். ஏசி மூன்று வருடத்தில் மண்டையைப் போட்டது. பலகை மட்டும் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஊரில் எல்லோரும் மண்டபம் சூடு, மண்டபம் இருட்டு, மண்டபம் நாற்றம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு பலகையைக் கழற்றிக் காட்டுகிறேன் என்று ஃப்ரேமா நகரசபைக்கு எழுதிய மனுக்கள் மட்டும் பதினேழு. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதினேழு பதில் வந்தது.

பதினெட்டாவதாகச் செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மண்டபம் இடிக்கப்படும், அந்த இடத்தில் ஆறு மாடி நீலக் கண்ணாடி வணிக வளாகம் வரும், இப்படிக்கு நகரசபைத் தலைவர் ஜாம்ஃபி. ஜாம்ஃபி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எந்தச் சாவு வீட்டுக்கும் வராமல் இருக்க மாட்டார். ஒருதடவை துபாய் போய்விட்டு வந்தார், அன்றிலிருந்து நீலக் கண்ணாடி என்றால் பித்துப் பிடித்தவர் ஆகிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமையைப் பார்த்துக் குறித்தார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். எங்கள் பக்கம் சாவுச் சடங்கெல்லாம் சனிக்கிழமையில்தான்; அன்றைக்கு ஊர் மொத்தமும் கறுப்பும் சிவப்பும் உடுத்திக்கொண்டு எங்கெங்கோ சாவுக்குப் போய்விடும். தடுக்க ஒரு நாதி இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

ஃப்ரேமா கடிதத்தைப் படித்துவிட்டு என் கடை முக்காலியில் உட்கார்ந்தாள். தக்காளிக் கூடைக்கு ஒரு மணி நேரம் சண்டை போடுகிறவள், கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். அவள் கத்தினால் எனக்குப் பழக்கம். இப்படி உட்கார்ந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அவளை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் அந்த வேலையைச் செய்தேன். சத்தியமாக வேறு எந்த நோக்கமும் இல்லை.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் ஒரு போஸ்டர் போட்டேன். மேலே 'பேரதிர்ச்சி' என்று சிவப்பில். நடுவில் மண்டபத்தின் படம், சுற்றிலும் மேகம், இரண்டு பக்கமும் புறா. கீழே: சுதந்திர மண்டபம், வயது அறுபத்திரண்டு, நீலக் கண்ணாடிக் காய்ச்சலால் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு இயற்கை எய்த இருக்கிறது. பெற்றெடுத்தவர்: காலஞ்சென்ற கொத்தனார் அம்பொன்சா. பிள்ளைகள்: காற்று, வெளிச்சம். முதன்மைத் துக்கத்தார்: திருமதி ஃப்ரேமா. பேரப்பிள்ளைகள்: இங்கே கல்யாணத்தில் ஆடியவர்கள், தேர்வில் காப்பியடித்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் அனைவரும். ஒன்று அச்செடுத்து அவள் மடியில் வைத்தேன்.

படித்தாள். முதலில் தோள் குலுங்கியது. நான் அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனால், சிரிப்பு. விக்கல் வருமளவுக்குச் சிரித்தாள், தண்ணீர் கொடுத்தால் அதையும் என் சட்டையில் துப்பிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னும் இருநூறு அடி."

"எதுக்கு?"

"ஊருக்குத் தெரியாம யாராவது சாவாங்களா? அடிய்யா."

அடித்தேன். புதன்கிழமை விடிவதற்குள் மின்கம்பம், மினிபஸ் நிலையம், சந்தை, இரண்டு சர்ச் சுவர், ஒரு மசூதிக்கு எதிர்ச் சுவர், எல்லா இடத்திலும் ஒட்டியாயிற்று. இந்த உற்சாகத்தில் என் தொழிலின் முதல் விதியை மறந்துபோனேன். குடும்பத் தலைவர் பெயர் வரிசையைப் படித்து ஒப்புக்கொள்ளாமல் எந்தப் போஸ்டரையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது. பெயர் விட்டுப்போனால் எங்கள் ஊரில் பிணத்தைக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். ஒரு குடும்பத்தில் யார் மூத்த மருமகன் என்ற சண்டையில் பெரியவர் ஒருவர் ஏழு வருடம் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் கிடந்தார். அது நான் அடித்த போஸ்டர்தான், அதை விடுங்கள். மண்டபத்துக்கு ஏது குடும்பம் என்று நினைத்துவிட்டேன். அதுதான் என் மடத்தனம்.

முதலில் வந்தது கொத்தனார் அம்பொன்சாவின் குடும்பம். அவருடைய சகோதரி மகன் பெர்க்கோ மாமா, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், முழுக் கறுப்பு உடுத்தி, பின்னால் பதினைந்து பேரோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தன் மாமாவின் பெயரை இத்தனை வருடம் கழித்து ஒருவன் அச்சில் போட்டானே என்று சொல்லிச் சொல்லிக் குலுக்கினார். எங்கள் முறைப்படி ஒரு புட்டி ஜின் வைத்துவிட்டு, ஈமச் சடங்குக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். நான் ஏதோ உளறினேன்.

அவர் உட்கார்ந்த நாற்காலி சூடேறுவதற்குள் டிவா அத்தை வந்தாள். சந்தையில் துணிக்கடை. அவள் அங்கே விலை சொன்னால் இங்கே காது கேட்கும். அவளுக்குப் பின்னால் இருபது பேர். அவளும் ஒரு புட்டி ஜின் வைத்தாள். மேசை மேல் மெதுவாக வைக்கவில்லை.

பெர்க்கோவும் டிவாவும் பத்து வருடமாக நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒரு காணித் தகராறு. பெரிய மனிதர்கள் சபையில் நேராகப் பேசாமல் நடுவில் ஒருவனை வைத்துப் பேசுவது எங்கள் வழக்கம். இரண்டு பேரும் முழங்கால் இடிக்குமளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

"அஜெனிம், அந்தப் பெரியவர்ட்ட கேளு. அச்சு இல்லாம கல்லு எப்படி வந்துச்சுன்னு கேளு. அச்சு செஞ்சது யாரு? எங்க பாட்டன் தச்சர் அடொமாக்கோ. பெத்தது அவரு. அம்பொன்சா வெறும் மருத்துவச்சி."

நான் திரும்பி அதையே பெர்க்கோவிடம் மரியாதையாகச் சொன்னேன். மருத்துவச்சியை மட்டும் விட்டுவிட்டேன். ஆனால் அவர் அதை ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லு அஜெனிம், பெட்டி செஞ்சவன் எல்லாம் அப்பன் ஆக முடியாது. கலவை எங்க மாமாவோடது. செம்மண்ணைச் சலிச்சு, பனங்கொட்டை ஓட்டை இடிச்சுப் போட்டுக் கலந்தாரு. அதான் கல்லு சிவப்பா இருக்கு, அதான் அறுபது வருஷமா வெடிக்காம இருக்கு. அது அடொமாக்கோவுக்குத் தெரியுமா?"

கடையின் மூலையில் டக்கென்று ஏதோ விழுந்தது. ஃப்ரேமாவின் பேனா. அந்தக் கற்களுக்கு ஏன் அந்தச் சிவப்பு என்று ஆறு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று ஆய்வுக்கூடத்துக்குத் துண்டு அனுப்பியிருக்கிறாள். இந்த மனிதர் சண்டைச் சூட்டில் போகிற போக்கில் சொல்லிவிட்டார். அவள் என் போஸ்டர் காகிதத்தின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தாள்.

சண்டை வளர்ந்தது. நான் இந்தப் பக்கம் திரும்பி அந்தப் பக்கம் திரும்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் டிவா அத்தை ஆளை அனுப்பி வீட்டிலிருந்து ஒரு பழைய மரப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். அதில் வைக்கோலும் இரண்டு கோழி முட்டையும் இருந்தன. முட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பெட்டியை என் மேசை மேல் கவிழ்த்தாள். உள்ளே ஆசனத்தின் வளைவு, தேக்கில் செதுக்கியது, ஒரு இடம்கூடத் தேயவில்லை. கல் வார்த்த அசல் அச்சு, முப்பது வருடமாகக் கோழி அடைகாக்கும் பெட்டியாக இருந்திருக்கிறது.

பெர்க்கோ மாமா அதையே பார்த்தார். வாய் மட்டும் விடுவதாக இல்லை. அச்சு இருந்தால் போதுமா, வார்த்துக் காட்டச் சொல் என்று என்னிடம் சொன்னார். கலவையைக் கொண்டுவரச் சொல், வார்த்துக் காட்டுகிறேன் என்று அவள் என்னிடம் சொன்னாள். யார் பெற்றது என்று கல்லே சொல்லட்டும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னிடம் சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலை மண்டப வாசலில் செம்மண் சலித்தார்கள். தெருவே கூடிவிட்டது. வாச்சே என்று நாங்கள் சொல்லும் காராமணிச் சோறு விற்கிறவள் சட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள், செம்பருத்தி சர்பத் விற்கிறவள் அவளுக்குப் பக்கத்தில். பெர்க்கோ கலந்தார், டிவா அச்சில் அடைத்தாள், இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் என் மூலமாகத் திட்டிக்கொண்டே நான்கு கல் வார்த்தார்கள். வெள்ளிக்கிழமை காலை காய்ந்த கற்களை எடுத்துப் பார்த்தால், ஐயோ, எவ்வளவு அழகு தெரியுமா! நான் போஸ்டர்காரன், அழகைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். எனக்கே கையைத் தட்ட வேண்டும்போல இருந்தது.

ஆனால் பழைய கல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டுமே. பழைய கல்லின் வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்தது, அசல் நிறம் உள்ளே பலகைக்கு அடியில். டிவா அத்தையின் மருமகன் கடப்பாரையை எடுத்தான். அனுமதி இல்லையே என்று ஃப்ரேமா இழுத்தாள். பதினேழு மனு எழுதிய பழக்கம். செத்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்ட யார் அனுமதி கேட்பது என்று அத்தை அவளைத் திருப்பிக் கேட்டாள். முதல் பலகை பெயர்ந்து விழுந்தது. அடுத்த குடும்பம் சும்மா இருக்குமா? எங்கள் மாமா கட்டிய சுவரை நீ என்ன திறப்பது என்று பெர்க்கோவின் ஆட்கள் மேற்குப் பக்கத்தைத் திறந்தார்கள். அவர்கள் பத்து பலகை கழற்றினால் இவர்கள் பன்னிரண்டு. ஒரு மணி நேரத்தில் மண்டபத்தில் ஒரு பலகை மிச்சமில்லை.

பிறகு காற்று வந்தது. அதை எப்படிச் சொல்வது? முப்பது வருடம் வாசலில் காத்திருந்த விருந்தாளி மாதிரி எல்லாத் துளையிலும் ஒரே நேரத்தில் நுழைந்தது. தரையெல்லாம் ஆசன வளைவாக வெளிச்சம் விழுந்தது. வாச்சேக்காரி உள்ளே ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துச் சுற்றினாள், அவளோடு ஐந்தாறு பேர் சுற்றினார்கள். எனக்கும் தலை கிறுகிறுத்தது, நானும் சுற்றினேன், இந்த வயிற்றோடு. ஃப்ரேமா சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு இதை உடைத்துவிடுவார்களே அஜெனிம் என்று அவள் சொன்னபோது சுற்றுவதை நிறுத்தினேன். எங்கள் கூத்தில் எனக்கு அது மறந்தே போயிருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு புல்டோசர் வந்தது. மண்டபத்தின் முன்னால் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, பித்தளை வாத்தியக் குழு. ஊர் அன்றைக்கு வேறெங்கும் சாவுக்குப் போகவில்லை, இந்தச் சாவுக்கு வந்துவிட்டது. எங்கும் கறுப்பும் சிவப்பும். போஸ்டரைப் பார்த்துவிட்டு பக்கத்து ஊர்களிலிருந்தும் மினிபஸ் பிடித்து வந்திருந்தார்கள். புல்டோசர் ஓட்டி வந்த அல்ஹாசன் இதைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். குடும்பம் ஒப்படைத்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் சண்டை தீரவில்லை என்றோம். ஒப்படைக்காத உடலைத் தொடுகிற பழக்கம் தன் ஊரிலும் இல்லை என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தட்டு வாச்சே வாங்கிக்கொண்டார்.

ஏழு மணிக்கு ஜாம்ஃபி காரில் வந்தார். இடிக்கிற சத்தம் கேட்கவில்லையே என்று வந்திருக்கிறார். முகம் கடுகடுவென்று இருந்தது. ஆனால் அவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தானே. துக்கத்தார் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் நுழைந்தவன் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி எல்லோருக்கும் கைகொடுக்காமல் வாயைத் திறக்க முடியுமா? மண்டபத்துக்குள் எண்பது பேர் வரிசை. எண்பது கையும் குலுக்கினார். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர். அப்புறம்தான் வந்த காரியத்தைக் கேட்பது முறை. கேட்க வேண்டியது யார்? நடுவில் நிற்கிற மைக் பிடித்த மடையன், நான்தான்.

தலைவர் வந்த காரியம் என்னவோ என்று கேட்டேன். எதிரே எண்பது பேர் கறுப்பில் உட்கார்ந்திருக்கும்போது செத்தவரை உடைக்க வந்தேன் என்று எந்த மனிதன் சொல்வான்? அடக்கத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதைச் சொல்ல வந்தேன் என்றார். குடும்பம் ஒத்துக்கொண்டதா என்று நான் முறைப்படி கேட்டேன். உடனே பெர்க்கோ எழுந்தார், டிவா எழுந்தாள், கல்லைப் பெற்றது யார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஜாம்ஃபி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு குடும்பமும் பேசி முடிக்கட்டும், ஆனால் இன்றைக்குள் முடியட்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு சலசலப்பு.

வயதான பெண்கள் ஒன்பது பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் ஒஃபொரிவா அம்மா. எண்பத்து மூன்று வயது, கையில் தடி, ஜாம்ஃபியைப் பெற்றவள். அவள் மகனைப் பார்க்கவே இல்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"ஏன்டா போஸ்டர்காரா, சிமென்டு தானா நடந்து வந்து செவுத்துல ஏறுச்சா?"

கட்டடத்துக்குக் கலவை சுமந்த பெண்கள் நாற்பது பேராம். மிச்சமிருப்பது இந்த ஒன்பது. போஸ்டரில் ஒருத்தி பெயரும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"நீ வயித்துல இருக்கும்போது சுமந்தேன்டா. அந்த மூணாவது தூண்கிட்ட சட்டிய இறக்குனேன், வலி எடுத்துடுச்சு. எட்டாம் நாள் உன்ன முதுகுல கட்டிட்டு வந்து மிச்சத்தையும் சுமந்தேன். இது சாவுன்னா நானும் துக்கத்தாரு. நான் துக்கத்தாருன்னா நீ யாரு?"

எங்கள் வழக்கத்தில் பிள்ளை தாயின் குடும்பம். இதற்கு மேல் அதில் சட்டம் பேச ஒன்றும் இல்லை. ஜாம்ஃபி அம்மா என்று ஏதோ சொல்ல வந்தார். அவள் தடியால் வரிசையில் ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். அறுபத்திரண்டு வயது நகரசபைத் தலைவர், கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, துக்கத்தார் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தார். யாரோ அவர் கழுத்தில் சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றிவிட்டார்கள்.

துக்கத்தார் உட்கார்ந்துவிட்டால் வந்தவர்கள் சும்மா நிற்பார்களா? வெளியே நானூறு பேர். வரிசை கட்டினார்கள். முதலில் அல்ஹாசன், கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வந்து, டுவே தலைவரே, மனசைத் தேத்திக்கோங்க என்றார். அடுத்தவன் டுவே. அதற்கடுத்தவள் டுவே. துக்கம் விசாரிக்கும்போது நாங்கள் சொல்லும் சொல் அது ஒன்றுதான். ஜாம்ஃபி ஐம்பது கை வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நூறு தாண்டியது. என்றைக்கானாலும் எல்லோரும் போக வேண்டியவர்கள்தான் என்று ஒருவர் தேற்றினார். என் கல்யாணத்தையும் பார்த்தது, என் மகள் கல்யாணத்தையும் பார்த்தது என்று ஒருவர் அவர் தோளில் சாய்ந்து அழுதேவிட்டார். அழுதவர் முதுகை ஜாம்ஃபி தட்டிக்கொடுத்தார். பாவம், வேறென்ன செய்வார்.

அன்றைக்குக் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஒரு மின்விசிறிகூட ஓடவில்லை. எனக்குத்தான் முதலில் தெரிந்தது: நானூறு பேர் கூடியிருக்கும் மண்டபத்தில் யாரும் வியர்வையைத் துடைக்கவில்லை. ஜாம்ஃபியின் சட்டைக் காலர் உலர்ந்துபோயிருந்தது. அவர் நடுநடுவே தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார், மேலே பார்த்தார், அந்த மூன்றாவது தூணைப் பார்த்தார். ஃப்ரேமா என் கையை நகம் பதிய அழுத்திக்கொண்டு நின்றாள். எனக்கு வலித்தது, சொல்லவில்லை.

முந்நூறாவது ஆள் அளவில் ஒரு அம்மாள் வந்தாள். வெளியூர். சாவு என்று கேட்டால் யார் எவர் என்று பார்க்காமல் கிளம்பி வருகிறவர்கள் உண்டு, அந்த ரகம். போஸ்டரைப் படித்தவளாகவும் தெரியவில்லை. ஜாம்ஃபியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் நிறைய, ரொம்ப நாள் படுக்கையில் கிடந்தாரா, கடைசி நேரம் வலி இல்லாமல் மூச்சு நின்றதா என்று கேட்டாள்.

ஜாம்ஃபி அவளைப் பார்த்தார். அவர் முகம் என்னமோ போல் ஆனது.

"இன்னும் சாகலைம்மா" என்றார். "நல்லாத்தான் இருக்கு. மூச்சு நிக்கல, பாருங்க, எவ்வளவு காத்து வருது."

என் மைக் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. மின்சாரம் இல்லாவிட்டாலும் வாத்தியக் குழுவின் பேட்டரி பெட்டியில் சொருகியிருந்தேன். அவர் சொன்னது பந்தலைத் தாண்டித் தெரு முழுக்கக் கேட்டது. வாத்தியம் நின்றது. வரிசை நின்றது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் அம்மா தடி மேல் கையை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

ஃப்ரேமா என் கையை விட்டுவிட்டு நடந்தாள். அவள் கையில் இருந்தது கலவைக் கணக்கு கிறுக்கிய அந்தக் காகிதம், வேறு வெற்றுத்தாள் கிடைக்கவில்லை. பேனாவைத் திறந்து நீட்டினாள்.

"தலைவரே, சொன்னதை எழுதிக் கொடுத்துடுங்க."

அவர் காகிதத்தை வாங்கினார். எதுவரைக்கும் என்று எழுத வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். குடும்பச் சண்டை தீரும்வரைக்கும் அடக்கம் இல்லை என்று எழுதினால் போதும் என்றாள். அவர் பெர்க்கோ மாமாவைப் பார்த்தார், டிவா அத்தையைப் பார்த்தார். எப்போது தீரும் என்று கேட்டார்.

பத்து வருடத்தில் முதல் முறையாக அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் நான் தேவைப்படவில்லை.

"நீங்க விட்டுக்குடுப்பீங்களா?" என்றாள் டிவா அத்தை.

"செத்தாலும் மாட்டேன்" என்றார் பெர்க்கோ மாமா.

"நானும் மாட்டேன்."

இரண்டு பேரும் திருப்தியாக உட்கார்ந்தார்கள். ஜாம்ஃபி சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தொடையில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போடு என்று அவர் அம்மா சொன்னாள். தேதியும் போட்டார்.

அந்த வெளியூர் அம்மாள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அப்படியானால் தான் சொன்ன துக்கம் என்னாவது என்று அவளுக்குக் கவலை. திரும்பி வந்து ஜாம்ஃபியின் கையை மறுபடியும் பிடித்து, வாழ்த்துகள், பிழைத்துக்கொண்டதே, வாழ்த்துகள் என்று குலுக்கினாள். அவ்வளவுதான். வரிசை மொத்தமும் திரும்பிக்கொண்டது. ஏற்கெனவே கைகொடுத்த முந்நூறு பேரும் மறுபடி வந்தார்கள், கொடுக்காத நூறு பேரும் சேர்ந்துகொண்டார்கள். வாத்தியக்காரர்கள் கல்யாணப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார்கள். கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம் மண்டபம் முழுக்க ஆட ஆரம்பித்தது. ஒஃபொரிவா அம்மாவும் மற்ற எட்டுப் பேரும் மூன்றாவது தூணைச் சுற்றி ஆடினார்கள். அல்ஹாசனும் ஆடினார், புல்டோசர் சாவி இடுப்பில் குலுங்க.

ஜாம்ஃபியின் வலது கை வீங்கிவிட்டது. அவர் இடது கையைத் தாங்கலாகக் கொடுத்து எல்லோரிடமும் கைகுலுக்கினார். வரிசையின் கடைசியில் ஃப்ரேமா நின்றாள். என்னென்னவோ சொல்ல வைத்திருந்தாளாம், ஆறு வருடமாக. அவர் கையைப் பிடித்ததும் கண்ணீர்தான் வந்தது. விடவும் மாட்டேன் என்கிறாள். அவருக்கு வலிக்கிறது என்று அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் அவர் கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார்.